கழித்தது போக நிலா

மழை விட்டதும் சாலைக் கடைத்தெருவில் எல்லாரும் கடையை விட்டு வெளியே வந்து வானத்தைப் பார்ப்பார்கள். டீச்சர் மட்டும் தரையைப் பார்ப்பார். என் கடைப் படியில் நின்றுகொண்டு, இரண்டு விரலுக்கு நடுவே ஒற்றைக் கண்ணாடிச் சில்லைப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, ஈரத் தாரின் மேல் கிடக்கும் பளபளப்பை அதன் வழியாகப் பார்ப்பார். பிறகு சில்லை மெல்லத் திருப்புவார். பளபளப்பு அணைந்து தார் கறுப்பாகத் தெரியும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் மறுபடி தெரு முழுக்க வெள்ளி. அரிசி மூட்டை தூக்கி வருகிறவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போவார்கள். யாரும் ஒரு வார்த்தை திட்டியதில்லை.

"அண்ணாச்சி, இப்போ அணைச்சுட்டேன் பாருங்கோ," என்பார், தெருவுக்கே ஸ்விட்ச் தன் கையில் இருப்பது போல.

அந்தச் சில்லு என் கடையில் வாங்கியது. சாலை என்பது எங்கள் கடைத்தெருவின் பெயர். அங்கே என்னுடையது சின்ன மூக்குக்கண்ணாடிக் கடை. கூலிங் கிளாஸ்களில் விலை கூடிய ரகத்தைப் போலரைஸ்டு என்போம். அதை விற்பதற்காகக் கம்பெனிக்காரர்கள் ஒரு அட்டை தருவார்கள். வெறும் கண்ணுக்கு அது சாம்பல் அட்டை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் அதில் ஒரு மீன் தெரியும். மீனைப் பார்த்தவர்களில் பாதிப் பேர் வாங்கிவிடுவார்கள். டீச்சர் முதன்முதலாக வந்த அன்று நான் வழக்கம்போல மீனைக் காட்டினேன். அவர் மீனைக் கண்டுகொள்ளவே இல்லை. அட்டையைத் திருப்பினார், கண்ணாடியைத் திருப்பினார், கடைசியில் தன் தலையையே ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஜோடியா வேண்டாம். ஒரு கண்ணு மட்டும் தருவேளா?"

கொடுத்தேன். வீட்டுக்குப் போய் வசந்தாவிடம், "மத்தக் கண்ண இனி யாரு வாங்குவா?" என்று புலம்பினேன்.

"அவியளே வந்து வாங்குவாவ. ஒத்தக் கண்ண வச்சிக்கிட்டு என்ன செய்ய?" என்றாள் என் மனைவி.

அவள் சொன்னது போலவே டீச்சர் வந்தார். ஒரு சில்லின் மேல் இன்னொன்றைக் குறுக்கே வைத்து எனக்குக் காட்டினார். தனித்தனியே பார்த்தால் இரண்டின் வழியாகவும் எல்லாம் தெரியும். குறுக்கே வைத்ததும் நடுவில் இருட்டு. அந்தச் சின்ன இருட்டை அவர் தன் குழந்தையைக் காட்டுவது போலக் காட்டினார்.

கல்லூரியில் இயற்பியல் நடத்துகிற அம்மாள். ஸ்ரீவராகத்தில் வீடு. என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். இந்த மலையாள ஊரில் பாடம் நடத்துகிறவர் எல்லாரும் டீச்சர்தான், எனக்கும் அவர் டீச்சர். பெயர் தெரியும். எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதற்கு என் கண்தான் காரணம். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். என்னை நிறுத்தியது அப்பாவின் கண். "நடுவுல ஒரு அழுக்கு மாதிரி இருக்குடே," என்று சொல்லிச் சொல்லித் தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கண்ணாடியில் ஒன்றும் இல்லை, அழுக்கு கண்ணுக்குள் இருந்தது. ஓரங்கள் எல்லாம் தெரியும், பார்க்கிற இடம் மட்டும் தெரியாது. என் முகத்தைப் பார்ப்பதற்கு என் காதைப் பார்ப்பார். இந்தக் கடை அப்போது அவருடையது. டாக்டர் எழுதிய பவரைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டுமென்று என்னைக் கடைக்கு அழைத்துக்கொண்டார். அன்று பிடித்த பயம் இன்று வரை விடவில்லை. காலையில் கடை திறந்ததும் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மற்றக் கண்ணால் சுவரைப் பார்ப்பேன். பிறகு கண்ணை மாற்றுவேன். வருகிறவர்களையெல்லாம், "எதுக்கும் டாக்டரை ஒருதரம் காணிச்சிருங்க," என்று அனுப்புகிற நான், என் கண்ணைக் காட்டப் போனதே இல்லை. போனால் சொல்லிவிடுவார்களே.

டீச்சரிடம் என்ன கேட்டாலும் உடனே பதில் வராது. தலையை ஒரு பக்கம் சாய்ப்பார், பிறகு மறுபக்கம். புதிதாகப் பார்க்கிறவர்களுக்குக் காது கேட்கவில்லையோ என்று தோன்றும். முதல் தடவை எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இரண்டாவது தடவை, கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டோமோ என்று பயந்தேன்.

"வீட்ல இத வச்சிக்கிட்டு என்னத்தப் பாக்கிய டீச்சர்?"

இந்தப் பக்கம் சாய்ப்பு. அந்தப் பக்கம் சாய்ப்பு.

"வியாழன் இருக்கோல்லியோ, அதுக்கு நிறைய நிலா. பெரிசு நாலு. சூரிய வெளிச்சம் அதுகள் மேல பட்டுத் திரும்பி நம்மகிட்ட வரச்சே எப்படிச் சாஞ்சு வரதுன்னு பாக்கறேன்."

"வெளிச்சம் சாயுமா?"

"உங்க தெருவுல சாயறதே! தினம் பாக்கறேனே."

இதற்குப் புத்தகத்தில் பெரிய பெயர் உண்டு. என்னிடம் அவர் 'சாய்வு' என்றே சொல்வார். சூரியனிலிருந்து புறப்படும்போது வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஆடிக்கொண்டு வருமாம். எதன் மேலாவது பட்டுத் திரும்பும்போது ஒரு பக்க ஆட்டம் கூடிப்போகும். எவ்வளவு கூடியது, எந்தப் பக்கம் கூடியது என்று பார்த்தால், அது பட்டது தண்ணீரா, பாறையா, பொடியா என்று சொல்லிவிடலாம்.

"அந்த நிலால காத்துன்னு சொல்லும்படி ஒண்ணும் கிடையாது. நம்ம வெளிச்சத்தைப் போற வழியில காத்து தொடும், தூசி தொடும், மழை தொடும். அங்கே நடுவுல தொடறதுக்கு யாரும் இல்லே. வெளிச்சம் நேரா தரையைத் தொட்டுட்டு நேரா திரும்பி வரது. தரை என்ன சொன்னதோ அதை மாத்தாமச் சொல்லும்." கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். "நாமதான் மாத்திக் கேக்கறோம்."

அந்தக் கடைசி வார்த்தை எனக்குப் புரிந்தது பிறகுதான்.

வடக்கே ஒரு மலைமேல் இருக்கும் தொலைநோக்கியிலிருந்து அவருக்குக் கணக்குகள் வரும். ஆனால் நிலாவின் தரையை அவர் வாங்கியது சாலையில், என் பக்கத்துக் கடையில். வேலாயுதம் அண்ணன் பூஜை சாமான் கடை வைத்திருந்தார். டீச்சர் அங்கே போய்க் கற்பூரம், படிகாரம், விபூதி, கோலமாவு, பொடி உப்பு என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் வாங்குவார். கல்லூரியில் ஒரு இருட்டறை. அதில் ஒவ்வொரு பொடியையும் தட்டில் பரப்பி, ஒரு பக்கமிருந்து விளக்கடித்து, திரும்பி வரும் வெளிச்சத்தின் சாய்வை அளப்பார். எந்தப் பொடியின் சாய்வு எந்த நிலாவோடு ஒத்துப்போகிறது என்று பார்க்க வேண்டும். வேலாயுதம் அண்ணனுக்குப் பழக்க தோஷம், பொட்டலத்தைக் கட்டும் முன்னால் மேஜையில் இரண்டு தட்டுத் தட்டுவார்.

"தட்டாதீங்கோ! நிலாவை யாரும் தட்டறதில்லே. அது விழுந்தது விழுந்தபடி, பஞ்சு மாதிரிக் கிடக்கும்."

"டீச்சர், இந்த உப்பு நிலாவுல இருந்து வரல்ல. தூத்துக்குடியில இருந்தாக்கும் வருது. லாரியில தட்டாத தட்டா?"

டீச்சர் தலையைச் சாய்த்து யோசித்தார். "அதுவும் சரிதான். அப்போ லாரியையும் கழிக்கணும்," என்றார். பொட்டலங்களை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். "மெல்ல மதி, மெல்ல மதி," என்று, மெல்லப் போனால் போதும் என்பதை மலையாளத்தில் ஆட்டோக்காரரிடம் சொல்லிக்கொண்டே போவது தெருமுனை வரைக்கும் கேட்டது.

கழிப்பது. அதுதான் டீச்சர். மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான்.

ஒரு நாள் எனக்கு விளக்கினார். வானத்தில் சில நட்சத்திரங்களின் வெளிச்சத்தில் சாய்வே கிடையாதாம். நிலாவைப் பார்ப்பதற்கு முன்னால் அவற்றைப் பார்க்க வேண்டும். பார்த்தால் கருவி பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டாது, எப்போதும் கொஞ்சம் சாய்வு காட்டும். அந்தச் சாய்வு நட்சத்திரத்துடையது அல்ல, கருவியுடையது. அதைக் குறித்துக்கொண்டு, பிறகு நிலாவைப் பார்த்து, வந்ததிலிருந்து அதைக் கழிக்க வேண்டும்.

எனக்கு உடனே பயம் வந்தது. "அந்த நட்சத்திரத்துக்கே நமக்குத் தெரியாம ஒரு சாய்வு இருந்துட்டா?"

டீச்சர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "இதை என் பிள்ளைகள் ஒருத்தரும் கேட்டதில்லே, அண்ணாச்சி! அதனாலதான் ஒண்ணை நம்பறதில்லே. வேற வேற நட்சத்திரமா நாலஞ்சைப் பாக்கறோம்."

என் வாழ்நாளில் என் பயத்தை யாரும் பாராட்டியது அன்று ஒரு தடவைதான்.

வானத்துக்கு மட்டும் வைத்திருந்த பழக்கம் அல்ல அது. பஸ்ஸில் யாரோ இடித்தால், 'நான் நின்ன இடம் சரியில்லையோ' என்பார். மகள் போனில் கோபித்துக்கொண்டு வைத்துவிட்டால், என் கடையில் வந்து உட்கார்ந்து, 'அவ கோபத்துல என் பங்கு எவ்வளவுன்னு முதல்ல பாக்கணும்' என்பார். பார்த்துக் கழித்த பிறகுதான் மகளுக்குத் திரும்பக் கூப்பிடுவார். எனக்கு அதைப் பார்க்கச் சில சமயம் சங்கடமாக இருக்கும். வசந்தாவுக்குக் கோபமே வரும். ஒரு நாள் கடைக்குச் சோறு கொண்டுவந்தவள் நேரிலேயே கேட்டுவிட்டாள்.

"இப்பிடி எல்லாத்தையும் உங்க கணக்குல போட்டுக் கழிச்சிக்கிட்டே இருந்தா, மிஞ்சதுக்கு என்ன இருக்கும் டீச்சர்?"

இந்தப் பக்கம் சாய்ப்பு. அந்தப் பக்கம் சாய்ப்பு.

"கொஞ்சம்தான் மிஞ்சும், வசந்தா. ஆனா மிஞ்சினது நிலாவோடது."

அவருடைய மூக்குக்கண்ணாடியின் கதையைச் சொன்னால் இது இன்னும் விளங்கும். மூக்கில் பதிகிற சின்னப் பட்டை உடைந்துவிட்டதென்று ஒரு காலையில் கொண்டுவந்து தந்தார். சாயங்காலமே கொடுத்திருக்க வேண்டும். பட்டையை மாற்றிவிட்டேன், ஆனால் பக்கத்துத் திருகு கொஞ்சம் ஆடுவது போல ஒரு தோணல். முடுக்கினேன். முடுக்கியது கூடிப்போய் ஃபிரேம் விரியுமோ என்று தளர்த்தினேன். அப்படியே மறுநாளாகிவிட்டது. வந்து திட்டப்போகிறார் என்று பயந்துகொண்டிருந்தேன். வந்தார். படியேறும்போதே சிரித்துக்கொண்டு வந்தார்.

"மன்னிக்கணும் டீச்சர், நேத்தே தந்திருக்கணும்..."

"நன்னா வச்சுண்டேள்! இன்னும் ரெண்டு நாள் கூட வச்சுக்கோங்கோ."

நடந்தது இதுதான். படிகாரப் பொடியில் டீச்சருக்கு ஒரு சாய்வு கிடைத்திருந்தது. வியாழனின் ஒரு நிலாவோடு அச்சாக ஒத்துப்போன சாய்வு. பல மாதங்களாக அதை அளந்து, கட்டுரை எழுதி, அது அச்சுக்குப் போகிற நிலையில் இருந்தது. கண்ணாடி என் கடையில் இருந்த அன்று அவரால் மீட்டரைப் படிக்க முடியவில்லை. தள்ளி உட்கார்ந்துகொண்டு, ஒரு மாணவியைப் படித்துச் சொல்லச் சொன்னார். அன்று அந்தச் சாய்வைக் காணவில்லை. எங்கே போயிற்று என்று தேடிக் கடைசியில் தன் முகத்துக்கே வந்து சேர்ந்தார். தினமும் அவர் குனிந்து மீட்டரைப் பார்க்கும்போது, பொடியில் பட்டுத் தெறித்த வெளிச்சம் அவருடைய கண்ணாடியில் பட்டு மறுபடி பொடியின் மேல் விழுந்திருக்கிறது.

"இத்தனை மாசமா வியாழனோட நிலான்னு நினைச்சுண்டிருந்தது என் மூக்குக்கண்ணாடி, அண்ணாச்சி!" என்று சொல்லிக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. நீர் நிற்கவில்லை.

கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கூட இருந்தவர்கள், இவ்வளவு சின்ன விஷயத்தை யார் கவனிக்கப் போகிறார்கள், விட்டுவிடுங்கள் என்று சொன்னார்களாம். அவர் விடவில்லை. பொடிக்கும் தன் முகத்துக்கும் நடுவே கறுப்புத் துணியைக் கட்டிக்கொண்டு, முதல் பொடியிலிருந்து ஆரம்பித்தார்.

இனி என் விஷயம்.

ஒரு கர்க்கடக மாத மழையில், நம் கணக்கில் ஆடியில், கடையில் இருந்த பெட்டி போன்ற பழைய கம்ப்யூட்டரை மாற்றித் தட்டையான ஸ்கிரீன் வாங்கினேன். வெள்ளைப் பக்கத்தைத் திறந்தால் சுவரைவிட வெளுப்பு. காலையில் கண்ணைச் சோதிக்க அது வசதி என்று அதைப் பார்க்கத் தொடங்கினேன். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, பார்க்கிற இடத்தில், நட்ட நடுவில், மஞ்சளாக ஒரு அழுக்கைக் கண்டேன். நீட்டிய கையின் கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். சற்று வெறித்தால் மறைந்தது. தலையை அசைத்தால் மறுபடி வந்தது. வலது கண்ணைப் பொத்தினேன், இருந்தது. இடதைப் பொத்தினேன், அப்போதும் இருந்தது. ஸ்கிரீனைத் துணியால் துடைத்தேன். துடைத்துக்கொண்டிருக்கும்போதே என் கையைப் பார்த்தேன். அப்பா துடைப்பது போலவே துடைத்துக்கொண்டிருந்தது.

வசந்தாவிடம் சொல்லவில்லை. ஸ்கூட்டரை எடுப்பதை நிறுத்தினேன். எவன் மேலாவது மோதிவிட்டால்? முட்டு வலி என்று சொல்லி பஸ்ஸில் போய் வந்தேன். அவள் தினமும் வலியில்லாத முட்டில் எண்ணெய் தேய்த்துவிட்டாள். திருகு முடுக்கும்போது திருகைப் பார்ப்பதா, அழுக்கைப் பார்ப்பதா என்று திருப்புளியைக் கீழே வைத்துவிடுவேன். கண் போனால் கடை போகும். கடை போனால் எனக்கு வேறு தொழில் தெரியாது. யாரும் பார்க்காதபோது கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்காமல் என் காதைப் பார்த்துப் பழகினேன். எப்படியும் தேவைப்படும் என்று.

அப்படி ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு ஸ்கிரீன் முன்னால் நின்றபோதுதான் டீச்சர் படியேறி வந்தார்.

"யாரைப் பாத்துக் கண்ணடிக்கறேள், அண்ணாச்சி?"

சிரிக்க முயன்றேன், முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அப்பாவின் அழுக்கு, என் அழுக்கு, வலிக்காத முட்டு வரைக்கும். 'பயப்படாதீங்கோ' என்று அவர் சொல்லவில்லை. தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார்.

"நீங்க தலையைச் சாய்ச்சா அதுவும் கூடவே சாயறதா, இல்லே நின்ன இடத்துலயே நிக்கறதா?"

இத்தனை நாள் பயந்ததில் அதை நான் கவனித்ததே இல்லை. பார்த்தேன். "நிக்குது டீச்சர். நான் சாஞ்சாலும் அது அப்பிடியே நிக்குது."

அவர் மேஜையைச் சுற்றி வந்து, வயர்கள் இழுபட, ஸ்கிரீனை இரண்டு கையாலும் தூக்கிப் பக்கவாட்டில் சாய்த்தார். "இப்போ?"

"இப்ப... அதுவும் சாயுது."

மறுபக்கம் சாய்த்தார். அழுக்கும் மறுபக்கம் சாய்ந்தது, கடிகார முள் போல.

"கண்ணுல அழுக்கு இருந்தா, நான் ஸ்கிரீனைத் திருப்பறச்சே அது ஏன் திரும்பணும்?"

ஸ்கிரீனைக் கீழே வைத்துவிட்டு, மூச்சு வாங்க என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் நிலாவோடதுன்னு நினைச்சேன், என்னோடதா இருந்தது. நீங்க உங்களோடதுன்னு நினைச்சுண்டிருக்கேள், இது வெளிச்சத்தோடது. இந்த ஸ்கிரீன்லேர்ந்து வர வெளிச்சம் ஒரே பக்கமாச் சாஞ்சு வரது. அந்தச் சாய்வை உங்க கண்ணு பாக்கறது, அண்ணாச்சி. கண்ணோட நடுவுல எல்லாருக்கும் லேசா ஒரு மஞ்சள் உண்டு, அது காட்டற வேலை. அனேகம் பேர் கவனிக்கறதே இல்லே. கவனிக்கணும்னா உங்களை மாதிரி பயந்து பயந்து வெள்ளையை வெறிச்சுப் பாக்கணும்."

நான் அழுதேன் என்று நினைக்கிறேன். எழுந்து போகுமுன் விரலை நீட்டிச் சொன்னார்: "ஆனா அப்பாவோடது வேற கணக்கு. அதை இதோட சேத்துக் கழிச்சுடாதீங்கோ. நாளைக்கே டாக்டர்கிட்டே போகணும்." போனோம். டாக்டர் மருந்து விட்டு, விளக்கடித்துப் பார்த்து, இப்போதைக்கு ஒன்றும் இல்லை, வருஷத்துக்கு ஒரு தடவை வாருங்கள் என்றார். வெளியே வந்ததும் வசந்தா கேட்ட முதல் கேள்வி: "அப்ப நான் தேய்ச்ச எண்ணெய்?"

அதற்கடுத்த வாரம் டீச்சர் வந்து, கேட்காமலே ஸ்கிரீன் முன்னால் போய் உட்கார்ந்தார். வெகு நேரம் பார்த்தார். தலையைச் சாய்த்தார்.

"எங்கே? எந்த இடத்துல?"

"நடுவுல டீச்சர். நீங்க பாக்குத இடத்துலயே."

இன்னும் கொஞ்ச நேரம். பிறகு கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். "எங்க புரொஃபசருக்குத் தெரிஞ்சுது. என்கூடப் படிச்சவா எல்லாருக்கும் தெரிஞ்சுது. எனக்கு அந்த வயசுலயே தெரியலை. அளந்துண்டே இருந்தேனே ஒழிய, ஒரு நாளும் பாத்ததில்லே."

"அப்ப உங்க கண்ணு..."

"காமிச்சாச்சு. நன்னாத்தான் இருக்கு. சிலருக்குத் தெரியறதில்லே, அவ்வளவுதான். அது என்னோட சாய்வு. முதல்லயே கழிச்சுட்டேன்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு பொறாமை இருந்தது, பள்ளிக்கூடப் பெண்ணின் பொறாமை. எனக்கு அது கூச்சமாகவும், சொன்னால் வெட்கம், சந்தோஷமாகவும் இருந்தது.

டீச்சர் என்னையும் வசந்தாவையும் சங்குமுகம் கடற்கரைக்குக் கூட்டிப்போனது அந்த வருஷம்தான். சாயங்காலம். ஊரே மேற்கே பார்த்து நிற்கிறது, சூரியன் கடலில் இறங்குகிறது, எல்லார் முகமும் செம்பு நிறம். டீச்சர் ஒருவர்தான் கடலுக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே பார்த்து நின்றார். வேர்க்கடலை விற்கிறவர் பரிதாபப்பட்டு, "சேச்சி, சூர்யன் அவிடெயாணு!" என்று கடலின் பக்கம் கையைக் காட்டினார்.

"அறியாம்," என்று, தனக்குத் தெரியும் என்பதைத் திரும்பாமலே சொன்னார் டீச்சர்.

சூரியன் இறங்கிச் சற்று நேரத்தில், விமான நிலையத்துக்கு அந்தப் பக்கம், தென்னைகளுக்கு மேலே வெளிறிய புள்ளி ஒன்று ஏறியது. வியாழன். அதன் நிலாக்கள் நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அங்கேதான் இருக்கின்றன என்று அவர் சொன்னதும், எனக்கு அந்தப் புள்ளியைச் சுற்றிக் கொஞ்சம் விபூதி தூவியது போல இருந்தது.

"சூரியன் நம்ம முதுகுக்கு நேர் பின்னாடி, அது நேர் எதிரே, நாம நடுவுல. வருஷத்துல இந்தச் சில நாள்தான். இப்பத்தான் சாய்வு விசித்திரமா மறுபக்கம் திரும்பிண்டு, திடீர்னு குழியில விழற மாதிரி விழும்." ஏன் என்று கேட்டேன். "சாலைத் தெருவுக்குள்ள ஒருத்தர் கிழக்கே நுழையறார், ஒருத்தர் மேற்கே நுழையறார். ஒரே சந்துகள், ஒருத்தர் போன வழியில இன்னொருத்தர் எதிரே வரார். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வெளியே வந்து சேர்ந்தா? பொடிக்குள்ள போன வெளிச்சம் அப்படிக் கைகோத்துண்டு வரது. நேரா திரும்பி வரச்சே மட்டும்." பிறகு என்னிடம், "உச்சியைப் பாருங்கோ. அங்கே வானத்து வெளிச்சமும் சாஞ்சு வரும்," என்றார்.

மணலில் மல்லாந்து படுத்தேன். வசந்தா சிரித்தாள். தலைக்கு நேர் மேலே வானம் நீலமாக, ஆழமாக, ஒன்றுமில்லாமல் கிடந்தது. அந்த ஒன்றுமில்லாததின் நடுவில் மெல்ல அந்த மஞ்சள் வந்தது.

"இருக்கு டீச்சர். கெழக்கு மேற்காக் கெடக்கு. ஒரு நுனி கடலப் பாத்து."

அவர் தன் சில்லை உயர்த்தி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி," என்றார். மறுபடி திருப்பினார். "சரி." சில்லை இறக்கினார். "அது எப்படி இருக்கு? சொல்லுங்கோ."

"எனக்குச் சொல்ல வராது டீச்சர்."

"பயத்த மட்டும் விலாவாரியாச் சொல்லுவிய, இதச் சொல்லுங்க," என்றாள் வசந்தா.

சொன்னேன். "வெள்ள வேட்டியில மஞ்சள் பட்டு, நாலு தடவ வெளுத்த பொறவும் போகாம லேசா நிக்கும்லா, அந்த மஞ்சள். ரெண்டு பக்கமும் விரிஞ்சு, நடுவுல ஒடுங்கி, ஒரு உடுக்கு மாதிரி. ஒடுங்கின எடத்துல ரெண்டு பக்கமும் கொஞ்சம் நீலம். இருக்கா இல்லையான்னு சண்ட போடுத நீலம்."

"உடுக்கு," என்றார் டீச்சர். கிழக்கே பார்த்தபடி இன்னொரு தடவை மெல்லச் சொன்னார்.

கல்லூரி வேலை முடிந்ததும் ஸ்ரீவராகத்து வீட்டை விட்டு மகளோடு மைசூருக்குப் போய்விட்டார். படிகாரம் கடைசியில் எந்த நிலாவோடும் சேரவில்லை. விபூதிக்கும் உப்புக்கும் நடுவில் ஏதோ ஒன்று சேர்ந்தது என்றார், அது சின்னக் கட்டுரையாக வந்தது. போவதற்கு முன் என்னிடம், "அது தெரியறவரைக்கும் கண்ணோட நடு இடம் வேலை செய்யறதுன்னு வச்சுக்கோங்கோ. அதுக்காக டாக்டரை விட்டுடாதீங்கோ," என்று சொல்லிவிட்டுப் போனார். அதோடு என் பயம் தலைகீழாகிவிட்டது. முன்பு அது தெரிகிறதே என்று பயந்தேன். இப்போது ஒவ்வொரு காலையும், தெரியாமல் போய்விடுமோ என்று பயப்படுகிறேன். வசந்தா தலையில் அடித்துக்கொள்கிறாள்.

வருஷத்துக்கு ஒரு சாயங்காலம், வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே வருகிற அன்று, டீச்சர் கூப்பிடுவார். நலம் விசாரிப்பதெல்லாம் பிறகுதான். முதல் கேள்வி, "இருக்கா அண்ணாச்சி?"

போன தடவை மழை. காலையிலிருந்தே கரண்ட் இல்லை, ஸ்கிரீன் கறுத்துக் கிடந்தது. மழை விட்டும் வானம் மூடியே இருந்தது. அந்தி நெருங்கும்போது படியில் நின்று மேகத்தை வெறித்தேன். இந்தக் கண், அந்தக் கண், இரண்டு கண். ஒன்றும் இல்லை. அப்போதுதான் போன் அடித்தது.

"இருக்கா அண்ணாச்சி?"

"இல்ல டீச்சர். போயிட்டு."

போனில் தலைசாய்ப்பது தெரியாது. ஆனால் அந்த மௌனத்தில் இரண்டு சாய்ப்பும் எனக்குக் கேட்டது.

"வானம்?"

"மூடிக் கெடக்கு."

"ஸ்கிரீன்?"

"கரண்ட் இல்ல."

"மேகம் மூடினா சாய்வெல்லாம் கலைஞ்சு போயிடும். வெளிச்சத்துலயே இல்லாததை உங்க கண்ணு எங்கேர்ந்து கொண்டுவரும்? முதல்ல அதைக் கழியுங்கோ. கடையில சில்லு இருக்கோல்லியோ? அது வெளிச்சத்தை ஒரே பக்கமாச் சாய்ச்சு விடும்."

மேஜை டிராயரில் சாம்பல் நிறச் சில்லு ஒன்று கிடந்தது, வேறொரு ஜோடியில் மிஞ்சிய ஒற்றைக் கண். எடுத்துக்கொண்டு படிக்கு வந்தேன். ஈரத் தெருவில் கடைசி வெளிச்சம். இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து, ஒரு கண்ணை மூடி, மேகத்தைப் பார்த்தேன். மூட்டை தூக்கி வந்தவர் ஒருவர் என்னைச் சுற்றிக்கொண்டு போனார். சில்லை மெல்லத் திருப்பினேன்.

மேகத்தின் நடுவில், வெளுத்த வேட்டியின் மஞ்சளாக, அது திரும்பியது.

"இருக்கு டீச்சர். உடுக்கு. நான் திருப்பத் திருப்ப அதுவும் திரும்புது."

டீச்சர் மெல்லச் சொன்னார்:

"இன்னொரு தடவை திருப்புங்கோ. நான் கேட்டுண்டிருக்கேன்."

திருப்பினேன்.